குழந்தையின் இரத்தத்தில் தாயின் எதிர்ப்பொருள்: பிறவித் தொற்றுகளைக் கண்டறிவதில் உள்ள சிக்கல்

நிறைமாதத்தில் பிறந்தும் எடை 2 கிலோவை எட்டாத ஒரு குழந்தை. வயிற்றை மெல்லத் தடவினால் கல்லீரலும் மண்ணீரலும் கைக்குத் தட்டுப்படுகின்றன. முதல் நாளிலேயே மஞ்சள் காமாலை, தொடையிலும் முதுகிலும் ஊசிமுனை அளவில் செம்புள்ளிகள், இரத்தத்தில் தட்டணுக்கள் 50,000க்கும் கீழே. கருவில் இருக்கும்போதே ஏதோ ஒரு கிருமி தாயிடமிருந்து தொற்றியிருக்கக்கூடும் என்ற ஐயம் இப்படியொரு குழந்தையைப் பார்க்கும் எந்த மருத்துவருக்கும் எழும். அந்த ஐயத்தைத் தீர்க்க ஆய்வகச் சீட்டில் 'டார்ச்' (TORCH: சில பிறவித் தொற்றுகளின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகள் சேர்ந்த சொல்) என்று ஒரே சொல்லை எழுதி இரத்தம் அனுப்புவது நம் மருத்துவமனைகளில் இன்றும் பரவலான வழக்கம். இரண்டு நாளில் அறிக்கை வருகிறது. டாக்ஸோபிளாஸ்மா என்னும் ஒட்டுண்ணி, ருபெல்லா, சைட்டோமெகலோ, ஹெர்பிஸ் என்னும் வைரஸ்கள் என நான்குக்கும் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், நான்குக்கும் ஐ.ஜி.எம். நெகட்டிவ். இவ்விரண்டும், கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் எனும் புரதத்தின் இரு வகைகள்.

இந்த அறிக்கையை இணையத்தில் தேடிப் பார்க்கும் பெற்றோர், தம் குழந்தைக்கு நான்கு நோய்கள் இருப்பதாக எண்ணிக் கலங்குகிறார்கள். ஐ.ஜி.எம். நெகட்டிவ் என்பதைப் பார்த்த மருத்துவரோ, தொற்று எதுவும் இல்லை என்று கோப்பை மூடிவிடக்கூடும். இரண்டு முடிவுகளுமே தவறு. பணமும் இரண்டு நாள் நேரமும் செலவழித்துப் பெற்ற அந்தத் தாள், கேட்கப்பட்ட கேள்விக்கு அநேகமாக எந்த விடையையும் தரவில்லை.

ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து குழந்தைக்குச் செல்கிறது. நான்காம் மாத அளவில் தொடங்கும் இந்தக் கடத்தல் கடைசி மூன்று மாதங்களில் மிக வேகமாக நடப்பதால், நிறைமாதக் குழந்தையின் இரத்தத்தில் தாயிடம் இருப்பதைவிடவும் கூடுதலாகவே ஐ.ஜி.ஜி. இருக்கலாம். தாய் சிறுவயதில் கண்ட காய்ச்சல்கள், போட்டுக்கொண்ட தடுப்பூசிகள், தனக்கே தெரியாமல் வந்துபோன தொற்றுகள் என எல்லாவற்றின் எதிர்ப்பொருளும் குழந்தையின் உடலில் இருக்கும். குழந்தையைப் பல நோய்களிலிருந்து காக்கும் இயற்கையின் ஏற்பாடுதான் அது. ஆனால் நோயறிதலைப் பொறுத்தவரை, ஒரு முறை எடுத்த ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ் என்பது தாயைப் பற்றிய செய்தி மட்டுமே. சுமார் 3 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்து, பெரும்பாலும் ஓராண்டுக்குள், சில நோய்களுக்கு 18 மாதங்களுக்குள், இந்தக் கடன் எதிர்ப்பொருள் முற்றிலும் மறைகிறது. அதற்குப் பிறகும் அது நீடித்தால்தான் குழந்தையே அதை உற்பத்தி செய்கிறது என்று சொல்ல முடியும்.

ஐ.ஜி.எம். மூலக்கூறு பெரியது, நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. எனவே குழந்தையிடம் ஐ.ஜி.எம். இருந்தால் அது குழந்தையுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்ற தர்க்கம் சரியானதே. நடைமுறையில் அது பல இடங்களில் தடுமாறுகிறது. கருவின் நோய் எதிர்ப்பு மண்டலம் முதிராதது. தொற்று இருந்தும் போதிய ஐ.ஜி.எம். உருவாகாத குழந்தைகள் கணிசம். மறுபக்கம், பிரசவத்தின்போது தாயின் இரத்தம் சிறிதளவு கலந்துவிடுவதாலும், ஒரு கிருமிக்கான எதிர்ப்பொருள் இன்னொரு கிருமியின் சோதனையில் ஒட்டிக்கொள்வதாலும் பொய்யான பாசிட்டிவ் வருவதுண்டு. அரிதான ஒரு நோய்க்கு எல்லாக் குழந்தைகளையும் சோதித்தால், கிடைக்கும் பாசிட்டிவ்களில் பொய்யானவையே மிகுதியாக இருக்கும் என்பது கணக்கு. சோதனைக் கருவி எவ்வளவு நல்லதாக இருந்தாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

'டார்ச்' என்ற தொகுப்பை ஆந்த்ரே நாமியாஸும் அவருடைய சகாக்களும் 1971இல் முன்வைத்தபோது அதற்கு நியாயம் இருந்தது. பல கிருமிகள் பிறந்த குழந்தையிடம் ஏறக்குறைய ஒரே தோற்றத்தை உண்டாக்குகின்றன என்று கவனித்து, ஒன்றை நினைக்கும்போது மற்றவற்றையும் மறக்காதீர்கள் என்று அவர்கள் சொன்னார்கள். சிந்தனைக்கான அந்தப் பட்டியல், பின்னாளில் ஒரே குழாய் இரத்தத்தில் செய்யும் சோதனைப் பட்டியலாக மாறிவிட்டது. அந்தப் பெயரில் 'மற்றவை' என்பதைக் குறிக்கும் O என்ற எழுத்துக்குள் பெயரளவில் அடங்கியுள்ள, பாலுறவால் பரவும் சிஃபிலிஸ் நோய்க்கான சோதனை பல வணிக ஆய்வகங்களின் தொகுப்பில் இடம்பெறுவதே இல்லை. பென்சிலினால் முழுமையாகக் குணப்படுத்தக்கூடிய பிறவித் தொற்று அதுவே என்பதால், இந்த விடுபடல் எனக்கு மிகவும் கவலை தருகிறது.

தாயின் வரலாறு எவ்வளவு தூரம் நம்மை அழைத்துச் செல்லும் என்பதற்கு ருபெல்லாவே சான்று. 1941இல் சிட்னியைச் சேர்ந்த கண் மருத்துவர் நார்மன் கிரெக், பிறவிக் கண்புரையுடன் வழக்கத்துக்கு மாறாகப் பல குழந்தைகள் வருவதைக் கவனித்தார். அவரும் சக மருத்துவர்களும் பார்த்த 78 குழந்தைகளின் தாய்மாரில் மிகப் பெரும்பாலோர், முந்தைய ஆண்டு பரவிய ருபெல்லாக் காய்ச்சலைக் கர்ப்பத்தின் தொடக்கத்தில் கண்டிருந்தார்கள். அந்த வைரஸை ஆய்வகத்தில் பிரித்தெடுத்தது 1962இல்தான். அதாவது கிருமியை யாரும் கண்ணால் காண்பதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, தாய்மார் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டதால் நோயின் காரணம் தெரிந்துவிட்டது.

கண்புரை, இதயத்தில் மூடாத நாளம், செவிட்டுத்தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் ருபெல்லாவை நினைக்க வேண்டும். ஐ.ஜி.எம். சோதனை நன்கு பயன்படும் பிறவித் தொற்றும் இதுதான். அதிலும் காலக்கணக்கு உண்டு: பாதிக்கப்பட்ட குழந்தைகளில் ஐந்தில் ஒருவருக்கு முதல் மாதத்தில் ஐ.ஜி.எம். தென்படாமல் போகலாம் என்பதால், ஐயம் வலுவாக இருந்தால் ஒரு மாதம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். தொண்டைச் சளியிலும் சிறுநீரிலும் வைரஸ் பல மாதங்கள், சில குழந்தைகளிடம் ஓராண்டு வரைகூட வெளிப்படும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் வேறொரு மாதிரியையும் பயன்படுத்தினார்கள். பிறவிக் கண்புரைக்காக அறுவை சிகிச்சை செய்யும்போது உறிஞ்சி அகற்றப்படும் விழிவில்லைப் பொருளைச் சோதித்து, அதில் ருபெல்லா வைரஸின் மரபணுப் பொருள் இருப்பதைக் காட்டினார்கள். குப்பைக்குப் போக வேண்டிய சில துளிகள், அக்குழந்தையின் கண் ஏன் மங்கியது என்பதற்கு நேரடி ஆதாரமாயின.

இலங்கை 1996இல் ருபெல்லா தடுப்பூசியைத் தொடங்கி, 2020இல் அந்நோயை ஒழித்த நாடாக உலக சுகாதார நிறுவனத்தால் உறுதிசெய்யப்பட்டது. தமிழ்நாட்டில் தட்டம்மை–ருபெல்லா தடுப்பூசி முகாம் 2017 பிப்ரவரியில், 9 மாதம் முதல் 15 வயது வரையிலானவர்களுக்கு நடந்தது. அப்போது அந்த வயதைத் தாண்டியிருந்த பெண்களில் பலருக்கு இந்தத் தடுப்பூசி எட்டவில்லை என்பதைப் பிரசவம் பார்ப்பவர்கள் மனத்தில் வைத்திருக்க வேண்டும். இந்தியாவில் பிறவி ருபெல்லாவைக் கண்காணிக்கும் பணியைச் சென்னையில் உள்ள தேசிய நோய்ப்பரவலியல் நிறுவனம் ஒருங்கிணைக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி அதன் கண்காணிப்பு மையங்களில் ஒன்று.

சிஃபிலிஸைக் கண்டறியும் முறை இதிலிருந்து முற்றிலும் வேறானது. இங்கே பாசிட்டிவா, நெகட்டிவா என்பதைவிட எத்தனை மடங்கு என்பதே கேள்வி. தாயின் இரத்தத்தையும் குழந்தையின் இரத்தத்தையும் ஒரே நேரத்தில், ஒரே ஆய்வகத்தில், ஒரே முறையில் சோதிக்க வேண்டும். இரத்தநீரை ஒவ்வொரு படியிலும் இரண்டு மடங்கு நீர்க்கச் செய்துகொண்டே போய், எந்தப் படிவரை வினை தெரிகிறது என்று பார்க்கிறார்கள். தாய்க்கு 1:8 வரை தெரிந்து குழந்தைக்கு 1:32 வரை தெரிந்தால், அது நான்கு மடங்கு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்பொருள் மட்டும் அவ்வளவு உயர முடியாது. குழந்தைக்கு நோய் இருக்கிறது என்று கொள்ளலாம். ஆனால் நான்கு மடங்கு இல்லை என்பதால் நோய் இல்லை என்றாகிவிடாது, ஏனெனில் தொற்றுள்ள குழந்தைகளில் பலரிடம் அந்த வேறுபாடு தென்படுவதில்லை. தொப்புள்கொடி இரத்தத்தில் தாயின் இரத்தம் கலந்திருக்கக்கூடும் என்பதால், குழந்தையின் நரம்பிலிருந்தே மாதிரி எடுக்க வேண்டும் என்பது சிறிய செய்தியாகத் தோன்றினாலும் முடிவையே மாற்றவல்லது.

அதனால் சிஃபிலிஸில் நோயறிதலின் பாதி, தாயின் மருத்துவக் குறிப்பிலேயே இருக்கிறது. கர்ப்பகாலச் சோதனையில் என்ன முடிவு வந்தது, பென்சிலின் போடப்பட்டதா, பிரசவத்துக்கு 4 வாரங்களுக்கு முன்பே போடப்பட்டதா, அதன்பின் தாயின் எதிர்ப்பொருள் அளவு குறைந்ததா என்ற கேள்விகளுக்கு விடை தெரியாவிட்டால், குழந்தை பார்வைக்கு நன்றாக இருந்தாலும் சிகிச்சை அளிப்பதே முறை. வேறு மருந்துகள் தாய்க்குக் கொடுக்கப்பட்டிருந்தால், குழந்தையைப் பொறுத்தவரை அது சிகிச்சையாகக் கணக்கில் வராது. முழங்காலை அடுத்த எலும்பு முனைகளின் எக்ஸ்-ரே, தண்டுவட நீர்ச் சோதனை, இரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகியவை மேலும் துணைசெய்யும். நோய் உறுதியானால் அல்லது வலுவாக ஐயுறப்பட்டால் 10 நாட்கள் பென்சிலின் ஊசி. குழந்தையின் எதிர்ப்பொருள் அளவு மூன்றாம் மாதத்தில் குறைந்து ஆறாம் மாதத்தில் சோதனை நெகட்டிவ் ஆகிறதா என்று பின்தொடர வேண்டும். வளர்ந்த நாடுகளில் அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்நோய் அமெரிக்காவில் 2023ஆம் ஆண்டில் மட்டும் 3,882 குழந்தைகளிடம் பதிவாகியிருக்கிறது. கர்ப்பகாலத்தில் ஒரு எளிய இரத்தச் சோதனை விட்டுப்போனால் என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இனி சைட்டோமெகலோ வைரஸ். உலகெங்கும் மிகுதியாகக் காணப்படும் பிறவித் தொற்று இதுவே. அமெரிக்காவில் 200 குழந்தைகளில் ஒருவர் அளவில் இதனுடன் பிறக்கிறார்கள். ஹரியானாவின் பல்லப்கர் பகுதியில் நடந்த ஓர் ஆய்வில் 100 குழந்தைகளுக்கு சுமார் 2 பேரிடம் இது இருந்தது. நம் நாட்டுத் தாய்மாரில் மிகப் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்திலேயே இந்த வைரஸைச் சந்தித்தவர்கள். ஒருமுறை வந்த வைரஸ் உடலைவிட்டு நீங்குவதில்லை. கர்ப்பகாலத்தில் அது மீண்டும் தலைதூக்கினாலோ, வேறொரு வகை வைரஸ் புதிதாகத் தொற்றினாலோ கருவுக்குச் செல்லக்கூடும். ஆக, இங்கே ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ்தான் வரும். ஐ.ஜி.எம். சோதனையோ பாதிக்கப்பட்ட குழந்தைகளில் பலரைத் தவறவிடுகிறது. இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடி இந்த நோயைக் கண்டறிய முயல்வது வீண்வேலை.

வைரஸையே தேட வேண்டும். சிறுநீரிலும் உமிழ்நீரிலும் தேட வேண்டும். அதுவும் பிறந்த 21 நாட்களுக்குள் தேட வேண்டும். தொற்றுடன் பிறந்த குழந்தையின் சிறுநீரில் இந்த வைரஸ் ஏராளமாக வெளியேறும் என்பதால், வைரஸின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். சோதனை அதைத் தவறவிடுவது அரிது. உமிழ்நீர் எடுப்பது இன்னும் எளிது: சிறு பஞ்சுக்குச்சியைக் கன்னத்தின் உட்பக்கத்தில் வைத்து, அது நனையும் வரை சில நொடிகள் சுழற்றினால் போதும். ஆனால் தாய்ப்பாலிலும் இந்த வைரஸ் இருக்கலாம். பால் குடித்த வாயிலிருந்து எடுத்தால் தாயின் வைரஸைக் குழந்தையுடையதாகக் கணக்கிட்டுவிடுவோம். அதனால் பாலூட்டி ஒரு மணி நேரமாவது கழிந்த பின்னரே எடுக்க வேண்டும். உமிழ்நீரில் பாசிட்டிவ் வந்தால் சிறுநீரில் உறுதிசெய்ய வேண்டும். சிறுநீருக்கு ஊசியோ குழாயோ தேவையில்லை. சுத்தம் செய்த தோலில் ஒட்டும் சிறு பையை மாட்டிவிட்டுக் காத்திருந்தால், சோதனைக்குத் தேவையான ஓரிரு மில்லிலிட்டர் கிடைத்துவிடும். டயப்பரை மாற்றப்போகும் செவிலியரிடம் சொல்லிவைப்பதுதான் இதில் கடினமான வேலை.

21 நாள் என்ற எல்லை ஏன்? பிரசவப் பாதையிலோ தாய்ப்பால் வழியாகவோ இந்த வைரஸைப் பெறும் குழந்தைகள் ஏராளம். நிறைமாதக் குழந்தைக்கு அப்படி வரும் தொற்றால் பொதுவாகக் கேடில்லை. அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதும் இல்லை. அவ்வாறு பிறந்த பின் தொற்றிய வைரஸ் சிறுநீரில் தென்படத் தொடங்குவதற்கு மூன்று வாரங்களோ அதற்கு மேலோ ஆகும். எனவே முதல் மூன்று வாரங்களில் காணப்படும் வைரஸ் கருவிலிருந்தே வந்தது. அதற்குப் பிறகு காணப்படுவது கருவிலிருந்து வந்ததா, பாலிலிருந்து வந்ததா என்று எந்தச் சிறுநீர்ச் சோதனையாலும் பிரித்துச் சொல்ல முடியாது. பெரும்பாலான தாய்மார் வைரஸைச் சுமந்து, பெரும்பாலான குழந்தைகள் தாய்ப்பால் குடிக்கும் நம் ஊரில், நாற்பதாம் நாள் வரும் பாசிட்டிவுக்கு அநேகமாக மதிப்பே இல்லை. டார்ச் அறிக்கைக்காகக் காத்திருந்து, அதன் பொருள் புரியாமல் மறுசோதனைக்கு நாள் குறித்து, குழந்தை வீட்டுக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் இந்த எல்லை கடந்துபோய்விடுகிறது. என்னைப் பொறுத்தவரை, அந்தச் சோதனைத் தொகுப்பின் மிகப் பெரிய கேடு அது செலவழிக்கும் பணம் அன்று. அது விழுங்கும் நாட்கள்.

இந்தத் தொற்றுடன் பிறப்பவர்களில் பத்தில் ஒருவர் அளவிலேயே பிறப்பில் அறிகுறி தென்படுகிறது: சிறிய தலை, செம்புள்ளிகள், மூளையின் நீரறைகளைச் சுற்றிச் சுண்ணப்படிவு. எஞ்சிய ஒன்பது பேர் பார்வைக்கு முழு ஆரோக்கியத்துடன் வீட்டுக்குச் செல்கிறார்கள். அவர்களிலும் 100க்கு 10 முதல் 15 பேருக்குக் கேட்கும் திறன் குறைகிறது. அந்தக் குறைபாடு பிறந்தவுடனேயே இருக்கலாம். பிறப்பில் நன்றாகக் கேட்ட காது இரண்டு, மூன்று வயதில் மங்கலாம். பேச்சு வரத் தாமதமாகிறது என்று மூன்று வயதில் அழைத்துவரப்படும் குழந்தைக்குக் காரணம் இதுவாக இருந்தாலும், அன்று அதை நிறுவ வழியில்லை. பிறந்தபோது குதிகாலில் குத்தி எடுத்த இரத்தத் துளிகள் உலர்ந்த அட்டையாகப் பாதுகாக்கப்பட்டிருந்தால் அதில் வைரஸைத் தேடலாம். இத்தகைய அட்டைகளைப் பல ஆண்டுகள் சேமித்து வைக்கும் நாடுகளில் அது நடக்கிறது. ஆனால் இரத்தத்தில் வைரஸ் குறைவாக இருப்பதால் அந்த முறை பல குழந்தைகளைத் தவறவிடும். அட்டையில் நெகட்டிவ் என்பது தொற்று இல்லை என்பதற்கு உறுதியாகாது.

டாக்ஸோபிளாஸ்மாவில் பொறுமையே முக்கியக் கருவி. 1978இலிருந்து பிரான்சு கர்ப்பிணிகளை இதற்காகச் சோதித்துவருகிறது. எதிர்ப்பொருள் இல்லாத பெண்களுக்கு மாதந்தோறும் மறுசோதனை நடப்பதால், எந்த மாதத்தில் தொற்று வந்தது என்பதே அங்கே தெரிந்துவிடும். அந்த ஏற்பாடு இல்லாத இடங்களில், குழந்தையின் ஐ.ஜி.எம்., ஐ.ஜி.ஏ. என்னும் மற்றொரு வகை எதிர்ப்பொருள் இரண்டையும் பார்த்து, கண்ணின் விழித்திரையைச் சோதித்து, மூளையைப் படமெடுத்து, ஐ.ஜி.ஜி. அளவை ஓராண்டு தொடர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. 12ஆம் மாதத்துக்குள் ஐ.ஜி.ஜி. மறைந்தால் தொற்று இல்லை, நீடித்தால் உண்டு. நோய் உறுதியான குழந்தைக்கு மருந்தும் ஓராண்டு கொடுக்க வேண்டும் என்பதால், முடிவு தெரியும்வரை காத்திருக்காமல் சான்றுகளை எடைபோட்டு முன்பே தொடங்க வேண்டிய நிலையும் வரும்.

ஹெர்பிஸ் பெரும்பாலும் பிரசவத்தின்போது தொற்றுவது. கருவிலேயே தொற்றுவது அரிது. இதில் எதிர்ப்பொருள் சோதனைக்கு இடமே இல்லை. பிறந்து ஒரு நாள் கழித்துக் கண், வாய், மூக்கு, ஆசனவாய் ஆகிய இடங்களிலிருந்து எடுத்த மாதிரிகளிலும், இரத்தத்திலும் தண்டுவட நீரிலும் வைரஸைத் தேட வேண்டும். ஐயம் வலுவானால் முடிவு வரும்முன்பே அசைக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தைத் தொடங்கிவிட வேண்டும். எச்.ஐ.வி.யில் தாயின் எதிர்ப்பொருள் 18 மாதம் வரை நீடிக்கும் என்பதால், ஆறாவது வாரத்தில் உலர்ந்த இரத்தத் துளியில் வைரஸின் மரபணுவைத் தேடும் ஏற்பாடு இந்தியாவில் அரசு மையங்களில் உள்ளது. கொசுவால் பரவி, கருவின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடிய ஜிகா வைரஸை இங்கே குறிப்பிட வேண்டியதற்குக் காரணம், 2021இல் திருவனந்தபுரத்தில் அது கண்டறியப்பட்டதுதான். டெங்கு பரவலாக உள்ள நம் பகுதியில், டெங்குவுக்கான எதிர்ப்பொருள் ஜிகா சோதனையில் பொய்யான பாசிட்டிவைத் தரக்கூடும். சிறிய தலையுடன் பிறந்த குழந்தையின் அறிக்கையைப் படிப்பவர் இதை மறக்கக் கூடாது.

சைட்டோமெகலோவுக்கு மருந்து உண்டு என்பதால்தான் அந்த 21 நாளை இவ்வளவு வலியுறுத்துகிறேன். பிறப்பிலேயே தெளிவான அறிகுறிகள் உள்ள குழந்தைக்கு முதல் மாதத்துக்குள் தொடங்கி ஆறு மாதங்கள் வால்கன்சிக்ளோவிர் கொடுத்தால், கேட்கும் திறனிலும் வளர்ச்சியிலும் ஓரளவு பயன் கிடைக்கிறது என்று 2015இல் வெளியான ஆய்வு காட்டியது. வெள்ளணுக்களைக் குறைக்கக்கூடிய மருந்து அது. அறிகுறியே இல்லாத எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்கத் தக்கதன்று. இந்த வாய்ப்பைத் தவறவிடாமலிருக்க, செவித்திறன் சோதனையில் தேறாத குழந்தைகளை உடனே சோதிக்கும் சட்டத்தை அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2013இல் இயற்றியது. மினசோட்டா 2023இல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்குமே சோதனையைத் தொடங்கியது. மினசோட்டாவின் வழி நமக்கு இப்போதைக்குச் செலவு மிகுந்தது. யூட்டாவின் வழி அப்படியன்று. தமிழ்நாட்டில் பல மருத்துவமனைகளில், குழந்தை வீட்டுக்குப் போகும்முன் காதில் சிறு கருவியை வைத்துச் செவித்திறன் பார்க்கிறார்கள். தேறாத குழந்தையை ஒரு மாதம் கழித்து மறுசோதனைக்கு வரச் சொல்லி அனுப்புவது வழக்கம். அனுப்பும்முன், அதே நாளில், பாலூட்டி ஒரு மணி நேரம் கழித்து ஒரு பஞ்சுக்குச்சியில் உமிழ்நீர் எடுத்து, பிறந்த தேதியையும் மாதிரி எடுத்த தேதியையும் குறிப்பிட்டு பி.சி.ஆர். ஆய்வகத்துக்கு அனுப்பிவிட்டால், மறுசோதனை எப்போது நடந்தாலும் காரணத்தைத் தேடுவதற்கான காலம் கைநழுவிப் போயிருக்காது.